ஓவன் கதவு ஒருவழியாக நேராக நிற்கிறது

நேற்றிரவு பதினொரு மணிக்கு, மகளுக்கு மட்டைப் பெட்டியில் செய்கிற விளையாட்டுக் குசினியில் ஓவன் கதவை மூடிப் பார்த்தேன். மூடியது. நாலு மூலையும் சட்டத்தோடு படிந்து, இடுக்கில் நகம்கூட நுழையாத அளவுக்கு மூடியது. இது மூன்றாவது கதவு. முதலாவது பூந்தொட்டிக்கு அடியில் கிடக்கிறது, இரண்டாவது போன இடத்தைக் கீழே சொல்கிறேன்.

பெட்டி வெட்டி ஒட்டின வேலை எல்லாம் போன மாதமே முடிந்துவிட்டது. பிரிஜ் வந்த பெட்டி, இரட்டை மட்டை, கிட்டத்தட்ட 7 மில்லிமீற்றர் தடிப்பு, மகள் மேலே ஏறி இருந்தாலும் அசையாது. இனிப் பெயின்ற் அடிக்கிறதுதானே, ஒரு சனிக்கிழமை போதும் என்று நினைத்தேன்.

முதல் கதவில் எழுத்துகள் மறையட்டும் என்று சுவருக்கு அடித்து மிஞ்சின வெள்ளை இமல்ஷனை முன்பக்கம் தடிப்பாக அப்பி, முற்றத்தில் காய வைத்தேன். கச்சான் காற்றுக் காலம். திருகோணமலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பத்து மணிக்குப் பிறகு அந்தக் காற்றில் டெனிம்கூட மொறுமொறு என்று காய்ந்துவிடும். ஈரமாக இருந்தபோது கதவு லேசாகப் பின்பக்கம் வளைந்தது, அது பரவாயில்லை என்று விட்டேன். காயக் காய மறுபக்கம் திரும்பி, பெயின்ற் உள்ளே வர அப்பளம் மாதிரிச் சுருண்டுவிட்டது. காகிதம் தண்ணீர் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். முன்பக்கம் மட்டும் விரிந்து சுருங்க, பெயின்ற் படலமும் சேர்ந்து இழுக்க, ஒன்றும் படாத பின்பக்கம் அதோடு வளைந்து போவதைத் தவிர என்ன செய்யும்? வளைவும் கண்டபடி வராது, மட்டைக்கு உள்ளே ஓடுகிற நெளிக்கோடுகளின் திசையைப் பொறுத்துத்தான் வரும்.

இரண்டாவது கதவுக்கு இரண்டு பக்கமும் அடித்தேன். அது சரியான யோசனைதான். பிழை அதற்குப் பிறகு. தொட்டால் ஒட்டவில்லை என்று நம்பி, பழைய பேப்பரை விரித்து மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். கடல் பக்கத்து வீட்டில் இமல்ஷன் மேலே காய்ந்தாலும் உள்ளே இரண்டு மூன்று நாள் பிசுபிசுப்பாக இருக்கும், அது மறந்துபோச்சு. காலையில் உரித்தால் யாரோ ஒருவரின் மரண அறிவித்தல் இடம் வலம் மாறி ஓவன் கதவில் பதிந்திருக்கிறது. என் கணவர் பார்த்துவிட்டு, “அப்படியே விடும், கிப்ற் பேப்பர் வாங்குற காசாவது மிஞ்சும்” என்றார். சான்ட் பேப்பரால் தேய்க்கலாம் என்று திண்ணையில் சாய்த்து வைத்தேன். எங்கள் வீடு டச்சு பே கடற்கரைப் பக்கம், கோட்டைக்குள் திரிகிற மான்கள் இரவில் எங்கள் ரோட்டில்தான். ஓரத்துக்குக் கோதுமை மாப் பசை பூசியிருந்தேனே, விடிய ஒரு மூலை முழுக்கக் காணோம். பல் பதிந்த மட்டை மட்டும் மிச்சம்.

மூன்றாவதை வேறு மாதிரிச் செய்தேன். சின்னப் பெட்டிகளில் இருந்து இரண்டு மெல்லிய மட்டைகள், ஒவ்வொன்றும் 3 மில்லிமீற்றர் வரும். ஒன்றின் நெளிக்கோடு நிமிர்ந்து, மற்றதன் கோடு படுத்து இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். ஒன்று வளையப் பார்த்தால் மற்றது விடாது, பிளைவூட்டில் செய்கிற அதே வேலை. திறந்த ஓரங்களைப் பெயின்றுக்கு முன்பே காகிதப் பட்டியால் மூடினேன், விட்டால் அந்தத் துளைகள் பெயின்றை உறிஞ்சி ஊதிப்போகும். இந்த முறை மாப் பசை இல்லை, வெள்ளை கம்தான். பிறகு ஸ்பொஞ்ச் ரோலரால் முன்பக்கம் மெல்லிசாக ஒரு பூச்சு, உடனே பின்பக்கமும் ஒன்று, இப்படி நாலு. முற்றத்துக்குக் கொண்டுபோகவே இல்லை, அறைக்குள் மெதுவான ஃபானில் நிமிர்த்தி வைத்து, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பினேன். அந்த நாள் முழுக்கச் சமையல் பருப்பும் சோறும்தான், யாரும் கேள்வி கேட்கக்கூடாது.

விளிம்புக்குச் சிவப்பு நெளி லேஸ். கடைத் தம்பி, “என்ன சட்டைக்கு அக்கா?” என்று கேட்டார். ஓவனுக்கு என்றேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பேசாமல் மூன்று யார் நீளம் வெட்டித் தந்தார். அந்தச் சிவப்பு கம்மின் ஈரத்திலேயே இறங்கி, கீழ் ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்கு வெள்ளை ரோஸ் ஆகிப்போச்சு. லேஸை முதலில் நனைத்துச் சாயம் போகுதா என்று பாருங்கள். வேறு கடையில் வாங்கின கம்மும் பாதி தயிர் மாதிரித் திரைந்திருந்தது, போத்தலைக் குலுக்கிப் பார்க்காமல் வாங்கினது என் பிழை.

பின்சுவர் டைல், கிப்ற் பேப்பரை 3 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டினது. பசை பூசி ஒரு நிமிஷம் விட்டு, காகிதம் விரிந்து முடிந்த பிறகு ஒட்டினால் சுருக்கம் வராது. அவ்வளவுதான் அதில்.

குழாய் இன்னும் இல்லை. அடுப்புக்குப் பழைய சீடி இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், கறுப்பு அடிக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் வோஷிங் மெஷின் பெட்டி ஒன்று வந்திருக்கிறது, அதில் பொம்மைச் சட்டை தொங்கவிட ஒரு அலுமாரி வரும். ஐப்பசி மழை தொடங்கமுன் பெயின்ற் முடிக்கவேண்டும், பிறகு இந்த ஊரில் ஒன்றும் காயாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் பெட்டியைக் கேட்டாச்சு.

இன்று காலை மகள் கதவைத் திறந்தாள், மூடினாள், திரும்பத் திறந்தாள். தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, “அம்மா, கேக் வைக்கத் தட்டு எங்க?” என்றாள்.

தட்டு வெட்டவில்லை.