தாலியோனியின் வெள்ளைப் பாவாடை: அரை அளவில் தைத்துப் பார்க்கிறேன்

1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓபராவில் ‘லா சில்ஃபீட்’ பாலே அரங்கேறியது. அதில் முதன்மையாக ஆடிய நடனக்காரி மரீ தாலியோனி உடுத்திய உடையை அரை அளவுப் பொம்மை உடலுக்குத் தைத்துக்கொண்டிருக்கிறேன். மேற்சட்டை முடிந்துவிட்டது. பாவாடை இடுப்புப் பட்டியில் ஏறிவிட்டது. சிறகும் காலணியும் பாக்கி. இதுவரை கைக்குத் தெரிந்தவற்றை எழுதி வைக்கிறேன்.

உடையை வடிவமைத்தவராக அறியப்படுபவர் ஓவியர் யூஜின் லாமி. அக்கால அச்சுப் படங்களை வைத்து வெட்டுப் படிவம் வரைந்தேன். தோள் தெரிய இறங்கும் அகலக் கழுத்து, உடலை இறுக்கிப் பிடிக்கும் மேற்சட்டை, முன்பக்கம் கூராக இறங்கும் இடுப்பு, கெண்டைக்கால் நடுவரை விரியும் பாவாடை. முதுகில் சிறு சிறகுகள், தலையில் பூவளையம், கழுத்திலும் மணிக்கட்டிலும் முத்து. வரைந்து முடித்ததும் ஒன்று புரிந்தது. அன்றைய பாரிஸ் சீமாட்டி மாலை விருந்துக்கு உடுத்திப் போன கவுனின் எலும்புக்கூடுதான் இது. புடைத்த கைகளையும் கனத்த பட்டையும் நீக்கி, கீழ்விளிம்பைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்தியிருக்கிறார்கள். மேடையில் ஆடியவள் காற்றில் வாழும் தேவதை. அவள் உடையின் வெட்டோ, பார்க்க வந்தவர்கள் அன்றாடம் உடுத்திய வெட்டு. அவள் அந்நியமாகவும் நெருக்கமாகவும் தோன்றியதற்கு இது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மேற்சட்டையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே கெட்டியான பருத்தி லைனிங், மேலே வெள்ளை சாட்டின், முதுகில் கொக்கி. அகலக் கழுத்து தோளிலிருந்து நழுவாதிருக்க விளிம்புக்குள் மெல்லிய நாடாவை ஓட்டி இழுத்துக் கட்டினேன். நன்றாகப் பிடித்து நிற்கிறது.

பாவாடைதான் உண்மையான வேலை. அக்காலப் பாவாடைகளுக்கு மஸ்லின், டியூல் வலைத்துணி, தார்லட்டன் எல்லாம் பயன்பட்டன. தார்லட்டன் என்பது இழைகள் கலகலவென்று விட்டு நெய்து, கஞ்சி ஏற்றி விறைப்பாக்கிய பருத்தித் துணி. டியூலைக் கையால் பின்னிய காலத்தில் அதன் விலை எட்டாக் கனி. 1809இல் இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் அது தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. குழு நடனத்தில் ஆடும் பெண்கள் அத்தனை பேருக்கும் அடுக்கடுக்காக வெள்ளை உடுத்திவிட முடிந்ததற்கு ஆலைத் துணியும் காரணம்.

கடைகளில் கிடைக்கும் நைலான் வலைத்துணியை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். அதன் பளபளப்பு வேறு காலத்தைச் சேர்ந்தது. நல்ல மல் துணி வாங்கி, வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்துத் துண்டு துண்டாக முக்கிப் பார்த்தேன். மிக நீர்த்த கஞ்சியில் துணி காலோடு ஒட்டித் தொங்குகிறது. கெட்டிக் கஞ்சியில் விரிந்து நிற்கிறது, ஆனால் கசங்கிய இடத்தில் கோடு விழுந்தால் போவதில்லை. கடைசியில் உள்ளடுக்குக்குக் கெட்டியாகவும், மேலே வர வர நீர்க்கவும் கஞ்சி போட்டேன். நான்கு அடுக்கு. ஒவ்வொன்றின் மேல்விளிம்பிலும் இரண்டு வரி ஓட்டுத்தையல் போட்டு, நூல்களைச் சேர்த்து இழுத்துச் சுருக்கி, பட்டியில் வைத்துத் தைத்தேன். சுருக்குகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி ஒழுங்குபடுத்தும் வேலைக்குப் பொறுமை வேண்டும். அதைச் செய்தால்தான் பாவாடை இடுப்பிலிருந்து எழும்பி விழுகிறது. பொம்மையைச் சுழற்றி நிறுத்தினால், உடல் நின்ற பிறகும் மேலடுக்கு ஒரு கணம் சுற்றி வந்து அமர்கிறது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை துணியும்.

வெண்மை மட்டும் சரியாக வரவில்லையே என்று தோன்றியது. வெள்ளை எல்இடி விளக்கின் கீழ் அது துவைத்துக் காயப்போட்ட படுக்கை விரிப்பு போலத்தான் இருந்தது. அறையை இருட்டாக்கி, மஞ்சள் குண்டு பல்பு ஒன்றைத் தரைமட்டத்தில் வைத்துப் பார்த்தேன். அடுக்குகளுக்குள் வெளிச்சம் நுழைந்து தங்கியது. விளிம்புகள் கரைந்து போயின. பாரிஸ் ஓபராவுக்கு எரிவாயு விளக்கு வந்தது 1822இல். 1831 நவம்பரில் இசையமைப்பாளர் மேயர்பேரின் ‘ராபர்ட் லெ டியாப்ள்’ ஓபராவில் இறந்த கன்னியாஸ்திரிகள் கல்லறையிலிருந்து எழுந்து ஆடும் காட்சி வெள்ளை உடையும் மங்கிய வெளிச்சமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று காட்டிவிட்டது. சில மாதத்தில் ‘லா சில்ஃபீட்’, 1841இல் கார்லோட்டா கிரிசி ஆடிய ‘ஜிசெல்’ பாலே. இந்தப் பாவாடையைத் தைத்தது பாதி ஊசி, பாதி விளக்கு.

அந்த விளக்கே ஆடியவர்களைக் கொன்றது. 1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டரின் உடையில் தீப்பற்றியது. சில நாளில் இறந்துபோனார். தாலியோனி தானே பயிற்சி கொடுத்து வளர்த்த எம்மா லிவ்ரியின் கதை இன்னும் கொடியது. 1862 நவம்பர் 15, ஒத்திகை. மேடையில் உட்கார்வதற்கு முன் பாவாடை கசங்காதிருக்க அதைத் தூக்கி விரித்தபோது எரிவாயு விளக்கின் சுடர் பற்றியது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலை 26 அன்று இறந்தார். வயது 20. அவர் ஏன் தூக்கி விரித்தார் என்பது கஞ்சி போட்ட துணியைக் கையில் வைத்துப் பார்த்தவருக்கு உடனே புரியும்: ஒருமுறை மடிந்து உட்கார்ந்தால் அந்தக் கோடு காட்சி முடியும்வரை போகாது. கருகி மிஞ்சிய உடைத் துண்டுகள் இன்றும் பாரிஸ் ஓபராவின் நூலக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

தடுக்க வழி இருந்தது. 1821இலேயே வேதியியலாளர் கே-லுசாக் துணியில் தீப் பரவாதிருக்க அம்மோனியம் உப்புகளையும் வெங்காரத்தையும் சோதித்திருந்தார். பின்னர் கார்தெரோன் என்பவரின் முறை வந்தது. அரங்க உடைகளை அப்படிப் பதப்படுத்தச் சொல்லி 1859இல் அரசாணையும் வந்தது. அப்படிப் பதப்படுத்திய பாவாடை அழகில்லை என்று லிவ்ரி மறுத்துவிட்டார். அவரை வெறும் பிடிவாதக்காரி என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. படிகார நீரில் ஒரு துண்டு மல்லை முக்கி உலர்த்தினேன். விறைத்து, தொட்டால் மாவு உதிர்வதுபோல் ஆகி, விளக்கின் முன் பிடித்தபோது வெளிச்சத்தை உள்ளே விடாமல் மங்கிக் கிடந்தது. மொட்டைமாடியில் வாளி நீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரு துண்டுகளையும் இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினேன். சாதாரணத் துண்டு கண் இமைப்பதற்குள் மேல்வரை எரிந்துவிட்டது. படிகாரத் துண்டு தீ பட்ட இடத்தில் கருகி நின்றது. காற்று புகுந்து விளையாடும் துணிதான் தீக்கும் நல்ல தீனி. உயிரா அழகா என்று ஓர் இளம்பெண்ணைத் தேர்வு செய்ய வைத்த அரங்கத்தின் மேல்தான் முதல் குற்றம்.

தைக்கும்போது பக்கத்தில் இரண்டு படங்களை ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டும் சிற்பி ஜான் ஒகுஸ்த் பார் செய்த சிறு வெண்கலச் சிலைகள். ஒன்று 1837இல் செய்த தாலியோனி. மற்றொன்று 1838இல் செய்த அமனி. புதுச்சேரிக்கு அருகே திருவேந்திபுரத்திலிருந்து பாரிஸ் சென்று ஆடிய தேவதாசிக் குழுவைச் சேர்ந்தவர் அவர். பிற்பாடு ‘ஜிசெல்’ கதையை எழுதியவர்களில் ஒருவரான கோத்தியே அவர்கள் ஆட்டத்தைப் பார்த்து நாளிதழில் மனம் நிறைந்து எழுதினார். வெள்ளைத் துணி மோகம் தலைக்கேறியிருந்த அதே நகரம், அதே ஆண்டுகள். அமனி பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அடுத்தது காலணி. தாலியோனி காலத்து சாட்டின் காலணியில் இன்றைய பாலே காலணியின் கெட்டி முனை கிடையாது. மெல்லிய தோல் அடி. முனையிலும் பக்கவாட்டிலும் நெருக்கமாக ஓட்டிய நூல் தையல். விரல் நுனியில் நின்றதற்குத் தாங்கல் அவ்வளவுதான். பழைய தோல் பணப்பை ஒன்றிலிருந்து அடிக்குத் தோல் வெட்டி வைத்திருக்கிறேன். முனைத் தையலுக்கு இரட்டைப் புரிப் பட்டுநூல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிறகுக்கு ஆர்கண்டி என்ற மெல்லிய விறைப்புத் துணியை மெல்லிய கம்பியில் கட்டலாமா, கம்பியில்லாமல் கஞ்சியிலேயே நிறுத்தலாமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.