வேலி தேய்க்கும் மாதம்

கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரி வெயில் வந்ததும் நான் வேலி தேய்க்க உட்கார்ந்துவிடுவேன். வடக்கு பார்த்த பக்கம்தான் வேலை. அங்கே வெயில் சரியாக விழாது, பலகை முழுக்க வழவழவென்று பச்சைப் பாசி.

பக்கத்து வீட்டுத் தம்பி கார் கழுவும் மெஷினோடு வந்து நின்றான். "அக்கா, பீச்சி அடிச்சா பத்து நிமிஷம்." வேண்டாம் என்றேன். அந்த வேகத்தில் தண்ணீர் பட்டால் பலகையின் மெத்தென்ற பகுதி அரித்துப்போய் நார் எழும்பி நிற்கும். அடுத்த மழையில் பாசி ஒட்டிக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சலவைச் சோடா, தேங்காய் நார் பிரஷ், கைக்கு ரப்பர் உறை. மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் கூடவே கூடாது. உடைந்த இரும்புத் துணுக்கு மரத்தில் தங்கிவிட்டால் கறுப்புக் கறையாகிவிடும். ஆணியைச் சுற்றி வரும் கறுப்பு வளையமும் அதே கதைதான், மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்வது. அதனால் புது ஆணி வாங்கினால் துத்தநாகம் பூசிய ஜிஐ ஆணிதான் வாங்குகிறேன். பிளீச்சிங் பவுடர் பாசியைச் சட்டென்று கொல்லும், ஆனால் மரத்தின் நாரையும் கெடுக்கும். வேலியோரத்தில் என் ஹைட்ராஞ்சியா வேறு இருக்கிறது.

பாசி போனபின் பலகை சாம்பல் நிறத்தில் தெரியும். அது அழுக்கு இல்லை. வெயில் மரத்தின் மேல்தோலைச் சிதைத்து, மழை கழுவிவிட்ட நிறம். அதையும் சுரண்டி எடுத்துப் புதுப் பலகை மாதிரி ஆக்கப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். கம்பங்களில் பூத்தாற்போல் ஒட்டியிருக்கும் லைக்கனையும் நான் தொடுவதில்லை. பிரியாணிக்குப் போடும் கல்பாசிக்கு உறவுக்காரன் அது. வேர் விட்டு மரத்தை உறிஞ்சுவதில்லை, சும்மா மேலே உட்கார்ந்திருக்கிறது. இருக்கட்டுமே.

கையால் தேய்ப்பதில் பெரிய லாபம், குனிந்து உட்கார்ந்தால்தான் அடிப்பக்கம் கண்ணில் படும். மழையில் சரிந்த மண் பலகையின் நுனியை மூடியிருக்கும். மரம் தண்ணீரை அதிகம் குடிப்பது அந்த வெட்டுமுனை வழியாகத்தான். களைக்கொத்தால் மண்ணை விலக்கி, ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பேன். உள்ளே இறங்கினால் அந்தப் பலகை போயிற்று. இந்த முறை மூலைக் கம்பமே ஆடியது. காட்டெருமை முதுகு சொறிந்திருக்கிறது, முடிகூட ஒட்டியிருந்தது. அதைத் தடுக்கும் வேலி போட என்னிடம் காசு இல்லை. கம்பத்தைக் கல் வைத்து இறுக்கியதோடு சரி.

அப்புறம் எண்ணெய். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மக்கவைக்கும் பூஞ்சை வளராது. அதனால் நன்றாக வெயிலில் காயவிட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்க்கிறேன். எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போட்டு, விறைத்துக் காய்ந்தபிறகுதான் குப்பைக்கு.