சூடானதும் நின்றுபோகும் ஹொண்டா 70: கடைசியில் காரணம் பிடிபட்டது

ஞாயிற்றுக்கிழமை காலை ஆரையம்பதியில் ஸ்டார்ட் பண்ணி, காத்தான்குடி, நாவற்குடா எல்லாம் தாண்டி, கல்லடிப் பாலத்தில் ஏறி, மட்டக்களப்பு நகருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த வழியாலேயே வீட்டுக்கு வந்துசேர்ந்தேன். வண்டி ஓர் இடத்திலும் நிற்கவில்லை. ஹொண்டா 70 வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தூரமாகத் தெரியாது. ஆனால் கடந்த மூன்று மாதத்தில் இந்த வண்டியை நாவற்குடாவிலிருந்து வீடு வரைக்கும் ஆறு தடவை தள்ளியிருக்கிறேன். காத்தான்குடி நடுவீதியில் நிற்கும் பேரீச்ச மரங்கள் ஒவ்வொன்றையும் எனக்கு இப்போது அடையாளம் தெரியும்.

வண்டி பெரியப்பாவினுடையது. சி 70, 72 சிசி, 6 வோல்ட், பொயின்ட் (பிளக்குக்குப் பொறி வர கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய மாடல். அவர் அம்பிளாந்துறையில் படிப்பித்த காலம் முழுக்க இதில்தான் போய்வந்தார். காலையில் குருக்கள்மடம் துறைக்குப் போய், வண்டியைப் பாதையில் (வாகனங்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை) ஏற்றி, வாவியைக் கடந்து அக்கரையில் இறக்கி ஓடுவார். பின்னேரம் அதே பாதையில் திரும்பி வருவார். 2009இல் கண் ஒப்பரேஷன் செய்த பிறகு ஓடுவதை விட்டார். அன்றிலிருந்து வண்டி வளவு மூலையில் இருந்த கொட்டிலுக்குள், விறகோடும் பழைய கிடுகோடும் கிடந்தது. வாவியும் கடலும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊரில் இரும்புச் சாமான் அத்தனை வருடம் கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஞ்சின் முற்றாக இறுகியிருக்கவில்லை. பிளக் துவாரத்தால் கொஞ்சம் ஒயில் விட்டு இரண்டு நாள் வைத்தேன், மூன்றாம் நாள் கிக்கர் இறங்கியது. பழைய ஒயில் தார் மாதிரி வந்தது. டாங்கிக்குள் இருந்த துருவுக்குத் தென்னை வினாகிரியும் சின்னச் சங்கிலித் துண்டும் போட்டுக் குலுக்கினேன். இரண்டு நாள் ஊறவைத்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவிக் காயவைத்தேன். அருமையாக வந்தது. காபரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். டயர், ரியூப், பின் பிரேக் ஷூ, பிளக் எல்லாம் புதிது. டயர் 2.25-17 இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது, கவலை இல்லை. ஏழாவது உதையில் இஞ்சின் பிடித்தது. அன்றைக்கு வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

முடியவில்லை. குளிர்ந்த இஞ்சின் ஓர் உதையில் ஸ்டார்ட் ஆகும், ஸ்லோவிலும் அணையாமல் ஓடும், இழுவையும் நல்லது. ஏழெட்டு நிமிடம் ஓடினால் மெல்ல இடறும். திரொட்டில் திறந்தால் இன்னும் மோசம். பிறகு அப்படியே அணைந்துவிடும். எத்தனை உதைத்தாலும் அசையாது. வீதியோரம் நிறுத்தி அரை மணித்தியாலம் இருந்தால் மறுபடி ஓர் உதையில் ஸ்டார்ட் ஆகும். மறுபடி ஏழெட்டு நிமிடம்.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில் காபரேட்டர் என்றார்கள். நானும் நம்பினேன். மூன்று தடவை கழற்றினேன். ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன், ஓட்டை சுத்தம். பிறகு டாங்கி மூடியில் காற்றுப் போகும் துவாரம் அடைத்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். நல்ல யோசனைதான், பல வண்டிகளில் அதுதான் காரணம். மூடியைத் திறந்து வைத்தபடியே ஓடிப்பார்த்தேன், அதே இடத்தில் நின்றது. பெற்றோல் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டுப் பார்த்தேன், தாராளமாக ஓடியது.

உண்மையில் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்று இருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே, ஆறுவதற்கு முன், பிளக்கைக் கழற்றி இஞ்சினில் உரசவிட்டு உதைத்துப் பார்ப்பது. நாவற்குடாவில் ஓர் இரவு அதைச் செய்தேன். இரவில் செய்ததுதான் நல்லது, பகலில் அந்த நிறம் தெரியாது. பிளக் நுனியில் வந்த பொறி மஞ்சள் நிறம், மயிர்போல மெல்லியது, மூன்று உதைக்கு ஒன்றுதான் வந்தது. இருபது நிமிடம் கழித்து அதே பிளக்கில் நீல நிறத்தில் டிக் டிக்கென்று அடித்தது. அந்த இரண்டு நிறத்தையும் பார்த்த பிறகு காபரேட்டரைப் பற்றி நான் யாருடனும் பேசவில்லை.

சூட்டில் கரண்ட் போகிறதென்றால் பிளக்குக்கு வோல்டேஜ் ஏற்றித் தரும் கொயில், அல்லது கண்டென்சர். கொயில் வெளியில் இருப்பதால் ஒரு நண்பரின் வண்டிக் கொயிலை மாற்றி ஒரே பின்னேரத்தில் சோதித்துவிட்டேன். வித்தியாசம் இல்லை. மிஞ்சியது கண்டென்சர். அது இருப்பதோ ப்ளைவீலுக்கு (கிரேங்க் நுனியில் சுற்றும் காந்தச் சக்கரம்) பின்னால், பொயின்ட்டோடு சேர்ந்து. ப்ளைவீலைக் கழற்றப் புல்லர் வேண்டும். இந்தக் கதையில் எனக்கு அதிக நாள் எடுத்தது இந்தப் புல்லர்தான்.

இரண்டு கராஜில் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ப்ளைவீல் விளிம்பில் அடித்தால் ஏதோ ஒரு நேரம் கழன்று வரும்தான். ஆனால் உள்ளே காந்தம் வெடிக்கலாம், கிரேங்க் நுனி வளையலாம். வளைந்த கிரேங்கை நேராக்க எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. தயவுசெய்து யாரும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். ப்ளைவீல் நடுவில் ஹொண்டாக்காரன் மரை வெட்டிவைத்திருப்பதே புல்லர் பூட்டுவதற்காகத்தான்.

அந்த மரை 27 மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றர் இடைவெளி, இடப்பக்கம் திருப்பினால் இறுகுவது. இந்த மூன்றாவது விஷயத்தை நான் முதல் லேத்தில் சொல்லியும் அவர்கள் வழமைப்படி வலப்பக்க மரை வெட்டித் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் அரைச் சுற்றுக்கூட ஏறவில்லை. நல்ல வேளையாக நான் பலவந்தப்படுத்தவில்லை, பலவந்தப்படுத்தியிருந்தால் ப்ளைவீலின் மரை போயிருக்கும். பிறகு காத்தான்குடியில் ஒரு சின்ன லேத்துக்குப் போனேன். வைத்திருப்பவர் அறுபது தாண்டிய நானா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர். நான் ப்ளைவீல் படத்தைக் காட்டியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார். “தம்பி, சங்குல வலம்புரி கிடைக்கிறது கஷ்டம். மரையில இடம்புரி கஷ்டம். வண்டியக் கொண்டு வாங்க, படத்தப் பாத்து வெட்டேலா.”

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். மரை கேஜை உள்ளே வைத்துப் பார்த்தார், விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். ஒரு பழைய லொறி அச்சுத் துண்டை எடுத்துக் கடைந்தார். ஒவ்வொரு தடவை உளி ஓடி முடிந்ததும் நிறுத்தி, எழுந்து வந்து, வண்டியில் பூட்டிப் பார்த்து, திரும்பப் போய் இன்னும் ஒரு சீவல் எடுத்தார். கடைசித் தடவை இரண்டு விரலால் திருப்பவே அடிவரை சுற்றிச் சுற்றி ஏறியது. ஆட்டம் துளியும் இல்லை. நடுவில் போடும் போல்ட்டுக்குக் கடினமான ஹைடென்சில் வகையைத் தேடி எடுத்து, நுனியை வட்டமாக உருட்டித் தந்தார். 2500 ரூபாய் வாங்கினார். இரட்டிப்பாகக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அந்தப் புல்லரைக் கிறீஸ் பூசித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பக்கத்தில் யாருக்கும் தேவையென்றால் தருவேன், திருப்பித் தர வேண்டும்.

கழற்றும் விதம்: ப்ளைவீல் நட்டைக் கழற்றி, புல்லர் உடலை இடப்பக்கம் திருப்பி அடிவரை ஏற்ற வேண்டும். அரைகுறையாக ஏறினால் மரை பிய்ந்துவிடும். பிறகு நடுப் போல்ட்டை இறுக்க வேண்டும். அது நன்றாக இறுகியதும் மேலும் இழுக்காமல், போல்ட் தலையில் சின்னச் சுத்தியலால் நேராக ஒரு தட்டு. எனக்கு இரண்டாவது தட்டில் “டக்” என்றது. ப்ளைவீல் கையில் வந்து விழுந்தது. கிரேங்கில் இருக்கும் பிறைவடிவச் சாவியை உடனே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், காந்தம் அதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

உள்ளே பார்த்ததும் எல்லாம் விளங்கியது. பொயின்ட்டின் ஒரு முகத்தில் மிளகு அளவு பள்ளம், எதிர் முகத்தில் அதே அளவு மேடு. கண்டென்சர் செத்த வண்டியில்தான் பொயின்ட் இப்படி உருகும். பொயின்ட் திறக்கிற அந்த நொடியில் கரண்டை வாங்கிக்கொள்ள வேண்டியது கண்டென்சரின் வேலை. அது வாங்காவிட்டால் பொயின்ட்டின் வாயிலேயே பொறி பறந்து வீணாகிறது, கொயிலில் வோல்டேஜ் ஏறாது. கழற்றிய கண்டென்சரை மீற்றரில் பிடித்தேன், 0.23 மைக்ரோஃபரட் காட்டியது, பிழை இல்லை. அதையே தங்கச்சியின் தலைமுடி காயவைக்கும் மெசினால் சூடாக்கிக்கொண்டு பார்த்தேன். எண் ஓடத் தொடங்கியது, ஓரிடத்தில் நிற்கவே இல்லை. நாவற்குடாவில் நடந்தது முழுவதும் என் மேசைக்கு வந்துவிட்டது.

புதுக் கண்டென்சர் ஒன்றைக் கடையொன்றிலிருந்து பஸ்ஸில் எடுப்பித்தேன். ஒரிஜினல் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது, விலையும் அப்படித்தான். ஈயம் வைத்துப் பூட்டி ஓடினேன். நான்காம் நாள் பழைய கதை. கடைக்குக் கோல் எடுத்தால், மின்சாரச் சாமானுக்கு உத்தரவாதம் இல்லை என்று ஒரே பதில். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. பழைய வண்டியைக் காப்பாற்றப் பார்க்கிற ஆளிடம், பெட்டியை மட்டும் நன்றாக அச்சடித்துச் சாமானைக் கொடுப்பது அநியாயம். கொழும்புக்குப் போகிற நண்பரிடம் பஞ்சிகாவத்தையில் பாவித்த ஜப்பான் சாமான் தேடச் சொல்லியிருக்கிறேன். கிடைத்தால் ஸ்டேட்டர் தட்டோடு முழுதாக வாங்கி வைக்கும் எண்ணம். ஸ்பீட் கேபிளும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இப்போது ஓடுவது நானா சொன்ன வழி. பழைய காரின் டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்த கண்டென்சர், அளவு கிட்டத்தட்ட அதேதான், 0.22. அதை ப்ளைவீலுக்குள் வைக்காமல், பொயின்ட்டிலிருந்து கொயிலுக்குப் போகும் கறுப்பு வயரில் வெளியே இணைத்து, சேசியில் கொயிலுக்குப் பக்கத்தில் போல்ட் போட்டு இறுக்கினேன். அங்கே இஞ்சின் சூடு படாது, பழுதானாலும் ப்ளைவீலைக் கழற்றாமல் மாற்றலாம். சேசியில் பெயின்டைச் சுரண்டி நல்ல இரும்பில் பிடிக்க வேண்டும், பெயின்ட் மேல் பிடித்தால் ஏர்த் கிடைக்காது.

பொயின்ட்டை மெல்லிய எண்ணெய்க் கல்லில் தேய்த்துச் சமப்படுத்தி, இடைவெளி 0.35 மில்லிமீற்றர் வைத்தேன். டைமிங்குக்கு, அதாவது பொறி சரியான நேரத்தில் வருகிறதா என்று பார்க்க, நான் பாவிப்பது சிகரட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாள். ப்ளைவீலில் உள்ள ஜன்னலால் தாளைப் பொயின்ட்டுக்குள் செருகி, மெதுவாக இழுத்துக்கொண்டே ப்ளைவீலை ஓடும் திசையில் திருப்ப வேண்டும். ப்ளைவீலில் பொறி வர வேண்டிய இடத்தைக் காட்டும் ‘எஃப்’ கோடு இஞ்சின் கோட்டுக்கு நேரே வரும் அந்த இடத்தில் தாள் விடுபட வேண்டும். முதலில் எனக்கு விரல்கடை முன்னால் விடுபட்டது. பொயின்ட்டை மயிரிழை நெருக்கி, மறுபடி, மறுபடி. பதினொராவது தடவை கோடும் கோடும் சந்திக்க, தாள் வழுக்கிக்கொண்டு வந்தது.

ஞாயிறு ஓடி முடித்து வளவுக்குள் வந்து ஸ்லோவில் விட்டேன். பெரியப்பா விறாந்தையிலிருந்து இறங்கி வந்தார். வண்டியைத் தொடவில்லை. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். “டப்பெட் ஒண்டு கூடச் சத்தம் போடுது, மகன். புகைப் பக்கம்.” இஞ்சின் ஆறியதும் திறந்து வால்வு இடைவெளியை அளந்தேன். உள்பக்கம் நான் வைத்த 0.05 மில்லிமீற்றர் அப்படியே இருந்தது. புகைப் பக்கம் 0.10. லொக் நட் சரியாக இறுகாமல் விட்டிருக்கிறது. அவர் இந்த வண்டியைக் கடைசியாக ஓடியது 2009இல்.

மிச்சம் இருப்பவை: முன் சக்கரத்தைத் தாங்கும் லிங்க் புஷ் நான்கும் தேய்ந்து, பள்ளத்தில் கடகடக்கிறது. முன் பிரேக் கேபிள் இழைகள் பிரிந்து கிடக்கின்றன, இப்போதைக்குப் பின் பிரேக்கில்தான் ஓட்டம். ஹோர்னும் சிக்னலும் பற்றரி வந்தால்தான். சீட் உறை கிழியட்டும், அதைக் கடைசியில் பார்க்கலாம். பின்னால், நடுவில் ஸ்ரீ எழுத்துப் போட்ட அந்தப் பழைய இலக்கத் தகட்டை மட்டும் மாற்றவே மாட்டேன்.

இதெல்லாம் முடிந்ததும் குருக்கள்மடத்தில் பாதையேறி அம்பிளாந்துறைக்குப் போகும் திட்டம். பெரியப்பாவிடம் சொன்னேன், பின்னால் ஏறி வருவாரா என்றும் கேட்டேன். அதற்கு நேரே பதில் சொல்லவில்லை. “பாதையில ஏத்தக்குள்ள முன் பிரேக்கப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கணும், மகன். அலை அடிச்சா வண்டி உருளும். முதல்ல அதச் செய்” என்றார்.

கேபிளுக்குச் சொல்லியாயிற்று. புஷ் கடைய நானா புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.