நொய்டா டிராக்கை ஆத்தங்குடிக் கல்லில் இறக்கியாச்சு

நொய்டா பந்தயத் தடத்தைப் பதித்த ஆத்தங்குடிக் கல் (கண்ணாடியின்மேல் கலர் சிமெண்ட் கலவை ஊற்றிச் செய்யும் செட்டிநாட்டுத் தரைக்கல்) கண்ணாடியை விட்டு முழுசாகப் பிரிந்து வந்துவிட்டது. அங்குள்ள ஃபார்முலா 1 தடமான புத் சர்க்யூட்டின் 16 வளைவுகளில் ஒன்றுகூட உடையவில்லை, தடத்தின் கறுப்பு வெளியே கசியவில்லை. நம் ஊர் கார்ப் பந்தய வரலாற்றைச் சோழவரம், இருங்காட்டுக்கோட்டை, கோவை, நொய்டா என்று நாலு கல்லில் வைக்கும் திட்டத்தில் இதுதான் முரட்டுக் கல்.

கல் 10 அங்குலம், அளவு 1:10,000. 5.125 கி.மீ. சுற்று 51 செ.மீ. சொச்சமாகிறது. 3-ஆம் வளைவு தாண்டி வரும் நீண்ட நேர்த்தடம் பத்தரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். தடத்தின் அகலத்தை மட்டும் அளவுப்படி வைக்க வழியில்லை, ஒரு மி.மீ. சந்தில் கலவை இறங்காது. 4 மி.மீ. வைத்தாயிற்று.

இனி அச்சு, அதாவது நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து நிற்கும் தகட்டுச் சட்டம். ஆத்தங்குடிக் கல்லில் கண்ணாடியைத் தொடும் பக்கம்தான் முகம். அச்சுக்கு மேலே நின்று நாம் பார்ப்பது முதுகை. பூவும் கட்டமும் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான் என்பதால் பட்டறையில் யாருக்கும் இது ஒரு விஷயமே இல்லை. டிராக் அப்படியில்லை. வரைபடத்தை உள்ளபடி வளைத்தால் வலஞ்சுழியாக ஓட வேண்டிய நொய்டா இடஞ்சுழியாகிவிடும். டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு அதன்மேல்தான் தகட்டை வளைக்க வேண்டும்.

தகடு அரை மி.மீ. பித்தளை, உயரம் 15 மி.மீ. பச்சையாக வளைத்தால் 3-ஆம் வளைவின் கொண்டையில் கீறல் விடும். மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தால் இளகிவிடும். வளைக்க வளைக்க மறுபடி இறுகும், மறுபடி காய்ச்ச வேண்டும். பற்றவைப்பு நேர்த்தடத்தில்தான் வர வேண்டும், வளைவில் வைத்தால் அங்கே கோடு தடிக்கும். உள்சுவர் எதிலும் ஒட்டாமல் தனியாக நிற்பதால் மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி போட்டுப் பிடிக்க வேண்டும். கலவை 3 மி.மீ.தான் நிற்கும், கம்பியில் படாது. பித்தளைக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளைப் பாருங்கள். புதுத் தகட்டுக்குச் சொல்லும் விலை அநியாயம்.

கலவை இட்லி மாவுப் பதம், கறுப்பு மட்டும் அதைவிட ஒரு பிடி இறுக்கம். நீர்த்தால் கறுப்பு பக்கத்து மஞ்சள் கலவையில் ஊறும். ரொம்ப இறுகினாலோ தகட்டை எடுத்த அரை மி.மீ. இடைவெளி மூடாமல் மயிரிழை விரிசலாக நின்றுவிடும். கறுப்புக்கு வெள்ளைச் சிமெண்ட் வேண்டாம். சாதாரணச் சிமெண்டில் கறுப்பு ஆக்ஸைடு போட்டால் குறைந்த பொடியிலேயே தார் நிறம் கிடைக்கும். பொடி சிமெண்ட் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் முகம் பொடியும். ஊற்றுவது முதலில் தடம், பிறகு தடத்துக்கு உள்ளே இருக்கும் வெளி, கடைசியில் வெளிப்புறம். தகட்டின் இரு பக்கமும் மட்டம் ஒன்றாக இல்லையென்றால், அச்சைத் தூக்கிய உடனே உயர்ந்த பக்கம் தாழ்ந்த பக்கம் சரியும். தூக்குவது நேர் மேலே, ஒரே மூச்சில்.

அடுத்து உலர்ந்த சிமெண்ட்–மணல் தூள். கையால் அள்ளிப் போட்டால் விழுந்த இடத்தில் கோடு நெளியும். சல்லடையால் தூவினால் தண்ணீரை அமைதியாக உறிஞ்சிக்கொள்ளும். மற்ற வேலையெல்லாம் சாதாரண ஆத்தங்குடிக் கல்லுக்குச் செய்வதுபோலத்தான்.

தொடக்கக் கோட்டில் மூன்று வெள்ளைப் புள்ளி வைத்திருக்கிறது, இங்கே நடந்த மூன்று ஃபார்முலா 1 பந்தயங்களுக்கு: 2011, 2012, 2013. மூன்றிலும் போல் (முதலாவதாக நின்று புறப்படும் இடம்) ஜெர்மன் வீரர் செபாஸ்டியன் வெட்டலுக்கு, வெற்றியும் அவருக்கே. கோவைக்காரர் நரைன் கார்த்திகேயன் 2011-இல் எச்.ஆர்.டி. அணியின் காரில் 17-ஆவதாக முடித்தார். அதற்கும் ஒரு புள்ளி கேட்கிறார்கள், பார்க்கலாம். நம்ம சென்னை கருண் சந்தோக்குக்கு அதே வாரம் வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்தோடு லோட்டஸ் அணி கதவைச் சாத்தியது இன்னும் உறுத்துகிறது.

தேங்காய் எண்ணெய்ப் பூச்சு பாக்கி. அதற்குள் கை சோழவரத்துக்குப் போய்விட்டது. போர்க்கால விமான ஓடுதளம், ஆங்கில T வடிவம், ஆகவே தகட்டைக் காய்ச்சும் வேலை பெரும்பாலும் மிச்சம். கோவை காரி ஸ்பீட்வே 2.1 கி.மீ.தான், இதே அளவில் 21 செ.மீ. கோடு தன்மேலேயே இடித்துக்கொள்ளும். அதை 1:5,000-இல் போட்டுவிட்டு, கல்லின் ஓரத்தில் அளவை எழுதிவிடலாம்.