உரிந்து வந்த கோட்டிங்

கோவளத்தில் சர்ஃப் பலகைகளுக்கு ரிப்பேர் பார்க்க வருவதற்கு முன் ஃபைபர் படகு வேலையில் இருந்தேன். அங்கே எல்லாமே பாலியெஸ்டர் ரெசின்தான், கேட்டலிஸ்ட் என்ற இறுக்கும் திரவம் கலந்ததும் கெட்டியாகும் பிசின். கேட்டலிஸ்டை 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்குள் கூட்டினால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் தாமதமாகும். அந்தக் கைப்பழக்கத்தோடுதான் பலகையைத் தொட்டேன்.

முதல் வாரமே ஒன்றைக் கெடுத்தேன். உடைந்த மூக்கில் பாலியெஸ்டரை விட்டதும் உள்ளே இருந்த வெள்ளை ஃபோம் கண்ணெதிரே கரைந்து குழி விழுந்தது. அது தெர்மாகோல் வகை. ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். அப்புறம் எந்தப் பலகை வந்தாலும் உடைந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். மணிமணியாக உதிர்ந்தால், ஸ்டைரீன் இல்லாத எபாக்சி ரெசின் மட்டும்தான். மாவு போல வந்தால் பாலியூரித்தேன் ஃபோம், பாலியெஸ்டருக்குக் கரையாது. ஆனாலும் மேல்தோடு எதனால் ஆனது என்று தெரியாதவரை எபாக்சியைத்தான் எடுப்பேன். தேய்த்த பாலியெஸ்டர் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும். இறுகிய எபாக்சி மேல் பாலியெஸ்டரை நம்ப முடியாது.

எனக்கு அதிகம் வலித்தது இன்னொரு பலகை. ஐப்பசி மழை நேரம். மாலையில் வால் பக்கம் ஃபைபர் துணி விரித்து எபாக்சி போட்டேன். காலையில் தொட்டால் கெட்டியாக இருந்தது. உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு அடுத்த கோட்டிங் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் அந்தப் பையன் பலகையோடு வந்து நின்றான். "அண்ணே, அலையில இருக்கும்போதே உரிஞ்சிருச்சு."

நகம் கொடுத்ததும் மிச்சமும் பட்டையாக வந்தது. துண்டைத் திருப்பி வெயிலில் பிடித்தேன். அடிப்பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தது. பிடித்திருந்தால் அங்கே உப்புத்தாள் கோடாவது பதிந்திருக்கும், துணி நாராவது பிய்ந்து வந்திருக்கும். ஒன்றுமே இல்லை.

ஈரக் காற்றில் எபாக்சி இறுகும்போது அதை இறுக்கக் கலக்கும் ஹார்ட்னரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகு போல ஒரு படலம் விடுகிறது. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, ஈர விரலால் தடவினால் வழுக்கும். தண்ணீரில் கரைந்துவிடும் என்பதுதான் நல்ல விஷயம். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் படலம் கீறலுக்குள் இழுபடும், தாளும் அடைத்துக்கொள்ளும். ஆகவே முதலில் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் துடைக்க வேண்டும். காய்ந்த பிறகு 80 நம்பர் தாளில் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும்.

அதைவிட நல்லது, முதல் லேயர் முழுதாக இறுகும் முன்பே அடுத்ததைப் போடுவது. அப்போது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தே இறுகும்.

உள்ளே நீர் இறங்கியிருந்த அந்தப் பலகையை நாள்கணக்கில் சாய்த்து வைத்துக் காயவிட்டேன். காசு வாங்கவில்லை. மழை விட்ட ஒரு நாள் மாலை 5 மணிக்கு முதல் லேயர் போட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்து அவ்வப்போது விரல் வைத்துப் பார்த்தேன். கையில் ஒட்டாமல், நகம் மட்டும் பதியும் பதம் வந்ததும் இரண்டாவதைப் போட்டேன்.