தொட்டிப் பலகை

எங்கள் வீட்டில் ஒரு குளியல் தொட்டி இருக்கிறது. லண்டனில் இருக்கும் அண்ணா 2017இல் வீடு திருத்தியபோது ஆசைப்பட்டு வைத்தது. அவர் வந்து நிற்கிற மூன்று கிழமையைத் தவிர அதற்குள் இறங்கிப் படுத்தவர் ஒருவரும் இல்லை. கிணற்றடியில் அள்ளி அள்ளி ஊற்றிக் குளித்த சனம் நாங்கள், ஊத்தைத் தண்ணீருக்குள்ளேயே ஊறிக் கிடப்பதை நினைத்தாலே அம்மாவுக்கு ஒரு மாதிரி. கரண்ட் போய் மோட்டர் ஓடாத நாட்களில் தண்ணீர் பிடித்து வைக்க உதவும், அவ்வளவுதான்.

அந்தத் தொட்டியின் முன்பக்கத்தை மூடியிருந்த வெள்ளைப் பலகை போன மாரியோடு போய்விட்டது. கீழ் விளிம்பு ஒரு சாண் உயரத்துக்கு ஊதி, பெயின்ற் வெடித்து, கால் பெருவிரலால் தட்டினால் தண்ணி கூடிய பிட்டு மாதிரி உதிர்ந்தது. எம்.டி.எஃப். பலகை, அதாவது மரநாரைப் பசை போட்டு அமுக்கியது. அண்ணா இருக்கிற ஊரில் பாத்ரூம் தரை காய்ந்து கிடக்கும், தண்ணீரெல்லாம் தொட்டிக்குள்தான். இங்கே நாங்கள் வாளியால் ஊற்றி, தும்புத்தடியால் தேய்த்து, தினமும் தரையைக் குளிப்பாட்டுகிற ஆட்கள். அந்தப் பலகை இவ்வளவு காலம் நின்றதே பெரிய காரியம்.

அரைநாள் வேலை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு ஹாட்வெயார் கடையில் கேட்டால், "பலகை தனிய வராது தம்பி, தொட்டியோடதான் வரும்" என்றார்கள். சரி, முதலில் பழையதைக் கழற்றுவோம் என்று பார்த்தால் ஸ்குறூ முழுக்கக் கறல், தலை வழுக்கிவிட்டது. கடைசியில் பலகையையே உடைத்துத்தான் எடுத்தேன்.

உள்ளே ஒரு சின்ன உலகம். உடைந்த அரை ரைல்ஸ், இறுகிய சீமெந்துக் கட்டி, ஒரு பீடித்துண்டு, மூலையில் என்னை முறைத்துக்கொண்டு ஒரு தேரை. பலகையைத் தாங்கிய மரச்சட்டத்தில் கறையான் புற்று முழங்கை நீளத்துக்கு ஏறியிருந்தது. ஆனால் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. தண்ணீர் வெளியே போகிற வளைகுழாயின் நட்டுக்குக் கீழே, மெழுகுதிரி வடிந்த மாதிரி வெள்ளையாக ஒரு கோடு, அது விழுகிற இடத்தில் தரையிலும் ஒரு வெள்ளை வட்டம். எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணக்கல், அதனால் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு, கேத்தலுக்குள் பிடிக்கிற அதே வெள்ளைப்படை. சொட்டுச் சொட்டாக ஒழுகின தண்ணீர் காய்ந்து தன் வழியைத் தானே வரைந்து வைத்திருக்கிறது. பலகை வெளியிலிருந்து மட்டுமில்லை, உள்ளேயிருந்தும் நனைந்திருக்கிறது. பார்க்காமல் புதுப் பலகையை அடித்திருந்தால் அதற்கும் இதே கதிதான். பைப் வேலை செய்கிற அண்ணை வந்து நட்டைக் கழற்றி, நசிந்த வோசரை மாற்றி, கால் மணித்தியாலத்தில் போய்விட்டார். இரண்டு நாள் அடியில் பழைய பேப்பர் விரித்து வைத்துப் பார்த்தேன், காய்ந்தே கிடந்தது.

புதுப் பலகைக்கு 18 மில்லிமீற்றர் பி.வி.சி. போர்ட் எடுத்தேன். எட்டடிக்கு நாலடி ஷீற். தொட்டியின் நீளம் 1700 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட ஐந்தடி ஏழு அங்குலம். இது ஊதாது, கறையானுக்கும் ருசிக்காது, சாதாரண மரவாளாலேயே அறுபடும். சட்டத்துக்கு அலுமினியப் பெட்டிக் கம்பி.

உண்மையான தலையிடி உயரம்தான். ரைல்ஸ் போட்ட மேசன் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்திருக்கிறார். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் முக்கால் அங்குல வித்தியாசம். இரண்டு பக்கமும் அளந்து நேர்கோடு போட்டு வெட்டினாலும் சரிவராது, நடுவில் தரை கொஞ்சம் புடைத்திருக்கிறது. அதனால் உயரத்தில் ஓர் அங்குலம் கூட விட்டு அறுத்து, தொட்டிக்கு முன்னால் நிறுத்தி, மட்டம் பார்த்து ஆப்பு வைத்தேன். பிறகு ஒரு சின்ன மரக்கட்டையின் மேல் பென்சிலை வைத்து, கட்டையைத் தரையோடு தரையாக ஒரு கரையிலிருந்து மறுகரை வரை இழுத்தேன். தரையின் மேடு பள்ளம் அப்படியே பலகையில் கோடாக விழுந்தது. அந்தக் கோட்டில் அறுத்தால் போதும், கணக்கு வேண்டாம். (இதைக் கண்டுபிடிக்க முதல் ஒரு துண்டைப் பாழாக்கினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

கீழே 5 மில்லிமீற்றர் இடைவெளி விட்டேன். சிலிக்கன் பூசி அடைத்தால் வடிவாகத்தான் இருக்கும், ஆனால் இன்னொரு தரம் ஒழுகினால் தண்ணீர் வெளியே வந்து காட்டிக்கொடுக்காமல் உள்ளேயே நின்றுவிடும். சிலிக்கன் தொட்டியும் சுவரும் சேருகிற மேல் விளிம்புக்கு மட்டும். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது: தொட்டியை முதலில் தண்ணீரால் நிரப்பிவிட்டுத்தான் பூச வேண்டும். 150 லீற்றர் என்றால் 150 கிலோ, அந்தப் பாரத்தில் தொட்டி மயிரளவு கீழே இறங்கும். வெறுந்தொட்டியில் பூசினால் பிறகு தண்ணீர் நிரப்பும்போது சிலிக்கன் இழுபட்டு வெடித்துவிடும். பூசிவிட்டு ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டேன். நான் வாங்கின சிலிக்கன் காயும்வரை வினாகிரி மணம், அம்மா குசினியிலிருந்து "ஆர் இப்ப ஊறுகாய் போடுறது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

பலகையை ஒட்டவில்லை. கறல் பிடிக்காத ஸ்ரெயின்லெஸ் ஸ்குறூ நாலு, அவ்வளவும்தான். வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். அண்ணா பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார் போல, "எல்லாம் வடிவாய் இருக்கு, ஆனா ஸ்குறூத் தலை தெரியுதடா, மூடி ஏதாவது வாங்கி மறையன்" என்று குரல்பதிவு வந்தது. மறைக்கவில்லை. அடுத்தமுறை ஒழுகும்போது அதைத் தேடிக்கொண்டு நிற்கப்போவது நான்தானே.