பிளாட்டினக் கம்பியும் தெருவிளக்கும்

எங்கள் கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்தில் பிளாட்டினக் கம்பி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கண்ணாடிக் கோலின் நுனியில் உருக்கிச் செருகிய சின்னத் துண்டு. உப்பைச் சுவாலையில் பிடித்து நிறம் பார்க்கும் சுவாலைச் சோதனை முடிந்த கையோடு சேர் அதை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். நாங்கள் எல்லோரும் சோடியத்தின் மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கேட்டது வேறு: "உந்தக் கம்பி ஏனடா தம்பி கழராமல் நிக்குது? தடிச்ச செப்புக் கம்பியை உப்பிடிச் செருகிப் பார், ஆறேக்கை கண்ணாடி வெடிக்கும்."

பிளாட்டினமும் சோடாக் கண்ணாடியும் சூட்டில் ஏறத்தாழ ஒரே அளவு விரியும், ஆறும்போது ஒரே அளவு சுருங்கும். செம்பு அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பரீட்சைக்கு இது வரவேயில்லை. ஆனால் என் பிழைப்பு இதுவாகத்தான் போனது.

இங்கிலாந்துக்கு வந்தபின் ஒரு விளக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தெருக்களில் செம்மஞ்சளாய் எரிந்ததே, அந்த உயர் அழுத்த சோடியம் விளக்கு. அதன் உள்ளே விரலளவு குழாய் ஒன்று இருக்கும். சூடான சோடிய ஆவி சாதாரண சிலிக்காக் கண்ணாடியை அரித்துவிடும் என்பதால் அந்தக் குழாய் அலுமினா (அலுமினியம் ஒட்சைட்டு) பீங்கான். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ரொபேர்ட் கோபிள் என்பவர் அலுமினாவோடு கொஞ்சம் மக்னீசியா சேர்த்து, உள்ளே நுண்துளை இல்லாமல் சுட்டெடுத்தார். ஒளி ஊடுருவும் பீங்கான் அப்படித்தான் வந்தது.

சரி, பீங்கானுக்குள் மின்சாரத்தை எப்படிக் கொண்டுபோவது? அங்கேதான் நயோபியம் என்ற உலோகம். அதன் விரிவு அலுமினாவுக்கு மிக நெருக்கம். இரண்டுக்கும் நடுவில் கல்சியம் அலுமினேற்றுக் கண்ணாடித் தூளை வளையமாக அழுத்தி வைத்து, காற்றில்லாத உலையில் 1400 பாகை அளவுக்குச் சூடாக்குவோம். வளையம் உருகி இடுக்குக்குள் தானாகவே இழுபட்டு இறங்கும். அதில் சிலிக்கா இருக்கவே கூடாது. இருந்தால் சோடியம் விடாது. ஆறவிடுவதில் அவசரப்பட்டாலும் மயிரிழை வெடிப்பு விழும். அதோடு நயோபியம் சூட்டில் காற்றுப் பட்டால் நொறுங்கிப்போகும் சாதி. அதனால்தான் குழாயைச் சுற்றி வெற்றிடமாக்கிய வெளிக்குமிழ்.

இப்போது தெருவெல்லாம் எல்.ஈ.டி. வெளிச்சமும் நல்லது, செலவும் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடிப் பிணைப்பின் காலம் முடிந்துவிடவில்லை. எரிபொருளிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் திண்ம ஒட்சைட்டு எரிபொருட் கலங்களில் சேர்க்கோனியாப் பீங்கானையும் உருக்கையும் 700, 800 பாகையில் வாயு கசியாமல் பிடித்து வைக்கப் பெரும்பாலும் கண்ணாடியைத்தான் நம்புகிறார்கள். அந்தச் சூட்டிலேயே நெடுங்காலம் கிடப்பதால் கண்ணாடி மெல்ல மெல்லப் படிகமாகி, அதன் விரிவு மாறிவிடும். இன்றைக்கும் தலையைப் பிய்க்க வைக்கும் சிக்கல் அது. நம் சங்கத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆர்வமிருந்தால் ஒன்றுகூடலில் என்னைப் பிடியுங்கள். சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே பேசலாம்; என் மனைவி முறைப்பதைக் கண்டுகொள்ள வேண்டாம்.